தாய்க்குப் பாடம், சர்க்காருக்கு விடுமுறையா?

2016-ம் வருஷம் ஜனவரி 11-ந் தேதி, அன்று பிரிட்டிஷ் பிரதம மந்திரியாக இருந்த டேவிட் காமரூன் லண்டனில் ஒரு பிரசங்கம் செய்தார். ஏழைகளின் குழந்தைகள் முன்னுக்கு வர என்ன வழி என்பது விஷயம். பிரசவத்துக்கு முன்னால் சொல்லிக்கொடுக்க வகுப்பு இருக்கிறது; பிறந்த குழந்தையை வளர்ப்பதற்குச் சொல்லிக்கொடுக்க ஆளில்லையே என்று அவர் வருத்தப்பட்டார். பெற்றோர் எல்லோரும் வகுப்புக்குப் போவது சகஜமான காரியமாகிவிட வேண்டும், அதைப் பெருமையாகவே நினைக்க வேண்டும் என்பது அவர் பேச்சின் சாரம்.

பேஷான யோசனை! யார் வேண்டாம் என்பார்கள்?

ஆனால் அந்தக் கனவான் பேசி முடித்து இரண்டு மாதம் ஆயிற்று. மார்ச் 16-ந் தேதி, அவருடைய சர்க்கார் கொண்டுவந்த இன்னொரு சட்டம் ராணியின் ஒப்புதலைப் பெற்றது. அது வகுப்பைப் பற்றிய சட்டமல்ல. காசைப் பற்றிய சட்டம். வேலை செய்யும் வயதினருக்குரிய பெரும்பாலான உதவித் தொகைகளை நான்கு வருஷத்துக்கு உயர்த்துவதில்லை என்றது. விலைவாசி ஏறலாம், உதவித் தொகை ஏறாது. 2017 ஏப்ரல் 6-ந் தேதி முதல் ஒரு குடும்பத்தில் மூன்றாவதாகப் பிறக்கும் குழந்தைக்கு, சில விதிவிலக்குகள் தவிர, தொகை கிடையாது என்றது. 2020-க்குள் குழந்தைகளின் வறுமையைக் குறிப்பிட்ட அளவுக்குக் குறைத்தே தீர வேண்டும் என்று 2010-ம் வருஷத்துச் சட்டம் ஒன்று சர்க்காரின் கையைக் கட்டியிருந்தது. அந்தக் கட்டை அவிழ்த்தார்கள். அதோடு விட்டார்களா? பழைய சட்டத்தின் பெயரையே மாற்றினார்கள். 'குழந்தை வறுமைச் சட்டம்' என்று பிறந்தது 'வாழ்க்கை வாய்ப்புச் சட்டம்' என்று ஆயிற்று. வறுமை ஒழிந்தது, சட்டத்தின் தலைப்பிலிருந்து!

ஜனவரியில் செய்த உபதேசத்தையும் மார்ச்சில் செய்த காரியத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறோம். சிறு குழந்தைகளின் அடங்காத்தனம், வீம்பு, முரட்டுத்தனம் இவற்றைச் சமாளிக்கப் பெற்றோரைக் கூட்டிவைத்துப் பயிற்சி கொடுக்கும் வகுப்புகள் இன்று பல தேசங்களில் பரவியிருக்கின்றன. பிரிட்டனில் அவற்றுக்கு நேர்ந்த கதி நமக்கும் பாடமாகும்.

நண்பர்களுக்கு ஒரு வார்த்தை

இவ்வளவு படித்ததுமே நம்முடைய நண்பர்கள் சிலர் சட்டென்று ஒரு முடிவுக்கு வந்துவிடுவார்கள். "வகுப்பாவது மண்ணாவது! எல்லாம் முதலாளித்துவக் கண்துடைப்பு" என்பார்கள். இந்த அவசரத் தீர்ப்பை நாம் ஏற்கவில்லை.

நாலு வயதுப் பையன். தம்பியைக் கடிக்கிறான், சாப்பாட்டுத் தட்டை வீசுகிறான், தெருவில் விழுந்து புரளுகிறான், ராத்திரி பதினோரு மணிக்கும் தூங்க மறுக்கிறான். அவனுடைய தாயிடம் போய், "சமுதாயம் மாறட்டும் அம்மா, பையன் தானாக அடங்குவான்" என்று சொல்லுகிறவன் அவளுக்கும் நண்பனல்ல, சமுதாய மாற்றத்துக்கும் நண்பனல்ல. அவளுக்கு இன்று ராத்திரிக்கு ஒரு வழி வேண்டும். அந்த வழியில் ஒரு பகுதியை இந்த வகுப்புகள் காட்டுகின்றன. ஒன்றை எதிர்ப்பதானாலும் ஆதரிப்பதானாலும் முதலில் அதைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஆகையால் வகுப்பில் நடப்பது என்ன என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லுகிறோம்.

இந்த முறைக்கு வித்திட்டவர்களில் முக்கியமானவர் அமெரிக்காவின் ஆரிகன் மாகாணத்தில் வேலை செய்த ஜெரால்டு பாட்டர்ஸன் என்ற மனோதத்துவ ஆராய்ச்சியாளர். அவருடைய கோஷ்டி வீடுகளுக்கே போய், தாயும் பிள்ளையும் ஒருவரோடொருவர் மல்லுக்கு நிற்பதைப் பார்த்துக் குறித்துக்கொண்டது. அவர்கள் கண்டது நம் வாசகர்களும் தினசரி காண்பதுதான். கடையில் பையன் மிட்டாய் கேட்கிறான். தாய் கூடாது என்கிறாள். பையன் சிணுங்குகிறான். தாய் அதட்டுகிறாள். பையன் அலறுகிறான். நாலு பேர் திரும்பிப் பார்க்கிறார்கள். தாய் வாங்கிக் கொடுத்துவிடுகிறாள், அலறல் நிற்கிறது. அன்று இரண்டு பேர் பாடம் படித்தார்கள். அலறினால் கிடைக்கும் என்று பையன் படித்தான். கொடுத்தால் ஓயும் என்று தாய் படித்தாள். மறுநாள் அலறல் இன்னும் கொஞ்சம் உரக்க ஆரம்பிக்கிறது. வேறொரு நாள் தாய் முதுகில் ஒன்று வைக்கிறாள், பையன் அடங்குகிறான், அடித்தால் அடங்கும் என்பது அவள் படித்த அடுத்த பாடம். இப்படி ஒருவரை ஒருவர் பழக்கிக்கொண்டே போகிறார்கள். கெட்ட பையனும் வேண்டாம், கெட்ட தாயும் வேண்டாம். இந்தச் சங்கிலி ஒன்றே போதும். 1982-ல் வெளிவந்த தம் புத்தகத்தில் பாட்டர்ஸன் இதை விவரித்தார்.

ஏறக்குறைய அதே காலத்தில் ஸியாட்டில் நகரத்தில், வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கரோலின் வெப்ஸ்டர்-ஸ்டிராட்டன் என்ற அம்மையார் இந்த அறிவைக் குழு வகுப்பாக அமைத்தார். வாரத்துக்கு ஒரு நாள், இரண்டு மணி நேரம், மூன்று மாதத்துக்கு மேல். பத்துப் பன்னிரண்டு பெற்றோர்; நடத்த இருவர். மேடைப் பிரசங்கம் கிடையாது. குடும்பங்கள் பிள்ளைகளோடு பழகுவதைக் காட்டும் சிறு படத்துணுக்குகளை ஓடவிட்டு, நடுவில் நிறுத்தி, "உங்கள் வீட்டில் என்றால் என்ன செய்திருப்பீர்கள்?" என்று கேட்பார்கள். பேச்சு அங்கிருந்து பிறக்கும்.

தண்டனையிலிருந்து பாடம் ஆரம்பிப்பதில்லை என்பது கவனிக்கத்தக்கது. தினம் பத்து நிமிஷம் பிள்ளையோடு தரையில் உட்கார்ந்து விளையாடு, விளையாட்டை நடத்துகிறவன் அவனாகவே இருக்கட்டும் என்பதுதான் முதல் வாரங்களின் வீட்டுப் பாடம். அடுத்தபடி, அவன் நல்லது செய்கிறபோது கண்டு, உடனே, வாய்விட்டுச் சொல்லு. ஒரு ஒட்டுப்படம் கொடு. அதற்கப்புறந்தான் கட்டளை: எண்ணிக்கையில் குறைவாக, தெளிவாக, ஒரு தடவை. சிணுங்கலைக் கண்டுகொள்ளாதே. கடித்தால், அடித்தால், சில நிமிஷம் தனியே உட்காரவை. உன் கோபம் ஆறட்டும், அவன் கோபமும் ஆறட்டும். கை நீட்டாதே.

இதெல்லாம் நம் பாட்டிக்குத் தெரியாததா என்று கேட்பீர்கள். பாட்டிக்குத் தெரிந்தது பாதி. விசிறிக் காம்பும் அந்தப் பாட்டி கையில்தான் இருந்தது.

உண்மையில் வகுப்பின் பலம் படத்துணுக்கில் மட்டும் இல்லை. "என் பிள்ளை ஒருவன்தான் இப்படி, நான் ஒருத்திதான் கையாலாகாதவள்" என்று நாலு சுவருக்குள் குமைந்துகொண்டிருந்தவள், தன்னைப் போல் இன்னும் பத்துப் பேர் இருப்பதைக் காண்கிறாள். போன வாரம் ஒருத்தி செய்து பார்த்தது இந்த வாரம் இன்னொருத்திக்கு உதவுகிறது. நடத்துகிறவர்கள் வாரத்தின் நடுவில் டெலிபோனில் கூப்பிட்டு விசாரிக்கிறார்கள். ஒழுங்காக நடத்தும் இடங்களில் வந்துபோக வண்டிக்கு ஏற்பாடு உண்டு, சாப்பாடு உண்டு, தாய் உள்ளே உட்கார்ந்திருக்கும்போது வெளியே குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் உண்டு. தனியே கிடந்தவர்கள் கூடுவதால் பிறக்கும் தெம்பு என்னவென்று, சங்கத்தின் அருமை தெரிந்த நம் வாசகர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

பலன் உண்டா?

உண்டு. வடக்கு, மத்திய வேல்ஸில் ஏழ்மை மிகுந்த பதினொரு பகுதிகளில் 153 குடும்பங்களைச் சேர்த்து ஒரு பரீட்சை நடந்தது; முடிவு 2007-ல் பிரிட்டிஷ் மருத்துவச் சஞ்சிகையில் வெளிவந்தது. எல்லாம் மூன்று, நாலு வயதுப் பிள்ளைகள். சீட்டுக் குலுக்கிப் போடுவதைப் போல, 104 குடும்பங்களை உடனே வகுப்புக்கும், 49 குடும்பங்களைக் காத்திருக்கவும் பிரித்தார்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது, வகுப்புக்குப் போன வீடுகளில் பிள்ளைகளின் முரட்டுத்தனம் தெளிவாகக் குறைந்திருந்தது. தாய்மாரின் மனச்சோர்வும் குறைந்திருந்தது. 2012-ல் காக்ரேன் ஆராய்ச்சிக் குழுவினர் இத்தகைய 13 பரீட்சைகளை, 1,078 பேரைப் பற்றிய விவரங்களை, ஒன்றுதிரட்டி ஆராய்ந்தார்கள். அதிலும் அதே முடிவு. நீண்ட காலம் கழித்தும் பலன் நிற்குமா என்பதற்குப் போதிய சான்று அதில் இல்லை என்பதையும் அவர்களே சொன்னார்கள். ஒரு பிள்ளையை மருத்துவர்கள் கவலைப்படும் நிலையிலிருந்து சாதாரண நிலைக்குக் கொண்டுவரக் குடும்பத்துக்கு ஏறக்குறைய 1,712 பவுண்டு செலவு என்றும் கணக்கிட்டார்கள்.

இன்னொரு முடிவு இதைவிட முக்கியமானது. ஐரோப்பிய நாடுகள் பலவற்றில் வெப்ஸ்டர்-ஸ்டிராட்டன் வகுப்பைப் பற்றி நடந்த பரீட்சைகளின் மூல விவரங்களை ஆராய்ச்சியாளர் பின்னால் ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். வறுமைப்பட்ட குடும்பங்களுக்குப் பலன் குறைவாகக் கிடைத்ததா? இல்லை. வகுப்புக்கு வந்த ஏழைத் தாயும் வசதியுள்ள தாயும் ஒரே மாதிரி பலனடைந்தார்கள்.

ஏழைக்குப் பிள்ளை வளர்க்கத் தெரியாது, சொன்னாலும் ஏறாது என்று பிலாக்கணம் பாடும் பத்திரிகைக்காரர்களுக்கு இதைக் காணிக்கையாக்குகிறோம். அவள் மந்தபுத்திக்காரியல்ல. வர முடிந்தால் வருகிறாள், வந்தால் கற்றுக்கொள்கிறாள்.

வர முடிந்தால்! சங்கதி எல்லாம் அங்கேதான் இருக்கிறது. வகுப்பு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். அவள் வேலை செய்யுமிடத்தில் நிச்சயமான வேலை நேரம் கிடையாது. நாளைக்கு எத்தனை மணிக்கு வர வேண்டும் என்பது இன்று மாலை டெலிபோனில் வரும் செய்தியைப் பொறுத்தது. வரமாட்டேன் என்றால் அடுத்த வாரம் கூப்பிட மாட்டான். எட்டாவது வாரம் அவள் வகுப்புக்கு வராமல் போனால், "அக்கறையில்லாத தாய்" என்று ஏட்டில் ஏறுகிறது. தினம் பத்து நிமிஷம் பிள்ளையோடு தரையில் உட்காரச் சொல்லுகிறீர்களே, அந்தப் பத்து நிமிஷம் யார் கையில் இருக்கிறது? பாட்டர்ஸன் கண்ட கடைக் காட்சியை மறுபடி பாருங்கள். ஏன் அவள் விட்டுக்கொடுத்தாள்? விடியற்காலையில் எழுந்தவள், வாடகை பாக்கி, இன்னொரு ஐந்து நிமிஷ அலறலைத் தாங்க உடம்பில் சக்தியில்லை. பொறுமையும் ஒரு பண்டந்தான். தூக்கமும் ஓய்வும் நிச்சயமான வரும்படியும் உள்ள வீட்டில் அது அதிகமாக விளைகிறது.

கையில் காசு வந்தபோது

இது வெறும் வாதமல்ல. அமெரிக்காவில், வட கரோலினா மாகாணத்து மலைப் பிரதேசத்தில், டியூக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜேன் காஸ்டெல்லோ என்ற அம்மையாரும் அவர் தோழர்களும் 1993 முதல் 1,420 பிள்ளைகளின் மனநிலையை வருஷா வருஷம் பதிந்து வந்தார்கள். வகுப்புப் பிள்ளைகளைவிடச் சற்றுப் பெரியவர்கள். ஆரம்பத்தில் ஒன்பதிலிருந்து பதின்மூன்று வயது. நாலில் ஒரு பங்கினர் செரோக்கி என்ற ஆதிக்குடியைச் சேர்ந்தவர்கள்.

ஆராய்ச்சி நடந்துகொண்டிருந்த காலத்தின் நடுவில், செரோக்கி மக்களின் நிலத்தில் சூதாட்ட விடுதி ஒன்று திறக்கப்பட்டது. லாபத்தில் ஒரு பகுதியைக் குடியினர் ஒவ்வொருவருக்கும் பங்கு போட்டுக் கொடுத்தார்கள். ஏழை, பணக்காரன் என்ற பாகுபாடில்லை, விண்ணப்பமில்லை, பரீட்சையில்லை, உபதேசமில்லை. 2001-ல் அந்தப் பங்கு ஆளுக்கு வருஷம் சுமார் 6,000 டாலராக இருந்தது. (சூதாட்ட விடுதிக்கு நாம் வக்காலத்து வாங்கவில்லை. அந்தக் காசை வேறு ஜனங்கள் அங்கே தோற்றுவிட்டுப் போனார்கள் என்பது தெரியும். கவனிக்க வேண்டியது காசு வந்த பிறகு நடந்தது.)

என்ன நடந்தது? விடுதி வருமுன், ஏழைப் பிள்ளைகளிடம் மனக்கோளாறின் அறிகுறிகள் மற்றவர்களைவிட அதிகமாக இருந்தன. வந்த பிறகு, வறுமைக் கோட்டைத் தாண்டிய குடும்பத்துப் பிள்ளைகளிடம் அவை, ஒருபோதும் வறுமையை அறியாத பிள்ளைகளின் அளவுக்குக் குறைந்தன. வறுமையிலேயே கிடந்தவர்களிடம் குறையவில்லை. குறைந்தவை எவை? வீம்பு, அடங்காத்தனம், முரட்டுத்தனம். எவற்றுக்காக வகுப்பு நடத்துகிறார்களோ அதே குணங்கள்! கவலை, மனச்சோர்வு போன்றவை அவ்வாறு மாறவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறோம். காரணம் என்ன என்று துருவியபோது, பெற்றோர்க்குப் பிள்ளைகளைக் கவனிக்க நேரம் கிடைத்ததே முக்கியமானது என்று தெரிந்தது. 2003-ல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில் இது வெளிவந்தது.

அந்தப் பெற்றோருக்கு யாரும் வகுப்பு எடுக்கவில்லை. கையில் காசு வந்தது. வீட்டில் கண் விழித்துப் பார்க்க ஆள் வந்தது.

சவுக்கும் கூப்பனும்

இந்தப் பக்கத்தைப் பிரிட்டிஷ் மந்திரிகள் புரட்டவில்லை. அவர்கள் புரட்டியது வேறு பக்கம். அடங்காத பிள்ளை பெரியவனாகிச் சிறை, ஆஸ்பத்திரி, உதவித் தொகை என்று சர்க்காருக்கு எவ்வளவு செலவு வைக்கிறான் என்று லண்டன் ஆராய்ச்சியாளர்கள் 2001-ல் கணக்கிட்டார்கள். 28 வயதுக்குள், கடுமையான நடத்தைக் கோளாறோடு வளர்ந்தவனுக்குச் சராசரி 70,019 பவுண்டு. கோளாறில்லாதவனுக்கு 7,423 பவுண்டு. தாய்மாரின் கண்ணீர் எழுப்பாத கனவான்களை இந்த எண்கள் எழுப்பின. எழுந்தவர்கள் முதலில் தேடியது சவுக்கை.

சவுக்கு ஏற்கெனவே தயாராக இருந்தது. டோரிகள் செய்ததல்ல, டோனி பிளேரின் லேபர் சர்க்கார் 1998-ல் நிறைவேற்றிய சட்டம். பிள்ளை குற்றம் செய்தால், பெற்றோர் வகுப்புக்குப் போக வேண்டும் என்று கோர்ட் உத்தரவு போடலாம். உத்தரவை மீறினால் 1,000 பவுண்டு வரை அபராதம். தோழமையில் தெம்பு பெறுவதற்கென்று பிறந்த வகுப்பைக் கோர்ட்டுத் தண்டனையாக்கினார்கள். அபராதம் கட்ட முடியாதவள் யார் என்று சொல்லவும் வேண்டுமா?

2011 ஆகஸ்டில் லண்டனிலும் மற்ற நகரங்களிலும் கலவரம் மூண்டது. காமரூன் சுட்டு விரலை நீட்டியது வீடுகளை நோக்கி. தகப்பனில்லாத வீடு, கண்டிப்பில்லாத வளர்ப்பு. அடுத்த வருஷமே ஒரு திட்டம் வந்தது. ஐந்து வயது வரையுள்ள பிள்ளைகளின் பெற்றோருக்கு 100 பவுண்டு மதிப்புள்ள கூப்பன். மருந்துக் கடையில்கூடக் கிடைக்கும். அதைக் கொடுத்து வகுப்பில் சேரலாம். வகுப்பு நடத்துகிறவர்கள் போட்டி போட்டுச் சந்தை ஒன்று உண்டாகும் என்பது மந்திரிகளின் கனவு. கூப்பன் கொடுத்த இடங்களில் ஒன்று வட இங்கிலாந்திலுள்ள மிடில்ஸ்பரோ என்னும் தொழிலாளர் பட்டணம். எதிர்பார்த்த கூட்டம் வரவில்லை; 2014-ல் சோதனை முடிந்தது. அந்தப் பட்டணத்துக்குப் பக்கத்தில்தான் ரெட்கார் உருக்காலை இருந்தது. 2015 அக்டோபரில் அது மூடப்பட்டது. சுமார் 2,200 பேருக்கு வேலை போயிற்று. ஆலையைக் காப்பாற்ற சர்க்கார் முன்வரவில்லை.

பிள்ளை அடம் பிடித்தால் தாய்க்குக் கூப்பன் உண்டு. ஆலை மூடினால் தகப்பனுக்கு என்ன கூப்பன்?

வகுப்பறையையே மூடியவர்கள்

இதற்கெல்லாம் மேலான வேடிக்கை ஒன்று உண்டு. வேல்ஸ் பரீட்சை எங்கே நடந்தது என்று கவனித்தீர்களா? 'ஷ்யூர் ஸ்டார்ட்' என்ற குழந்தை நலத் திட்டத்தின் பகுதிகளில், அதன் ஊழியர்களைக் கொண்டு. 1999-ல் ஏழ்மை மிகுந்த பகுதிகளில் தொடங்கிய திட்டம் அது. ஒரே கூரையின் கீழ் தாதி, விளையாட்டு அறை, வேலை தேட உதவி, பெற்றோர் வகுப்பு எல்லாம் இருக்கும். ஊழியர்கள் வீடு தேடியும் போவார்கள். பிளேர் சர்க்காரைப் பற்றி நமக்குள்ள அபிப்பிராயம் தெரிந்ததே. ஆனால் செய்த நல்ல காரியத்தை நல்லதென்று சொல்ல நமக்குத் தயக்கமில்லை. 2010-ல் இங்கிலாந்தில் 3,600-க்கு மேற்பட்ட குழந்தை மையங்கள் இருந்தன. பலன் என்ன? நிதி ஆராய்ச்சிக் கழகம் 2024-ல் வெளியிட்ட ஆய்வு சொல்லிற்று: ஐந்து வயதுக்குள் இந்த மையத்துக்குப் பக்கத்தில் வாழ்ந்த ஏழைப் பிள்ளைகள், பதினாறு வயதுப் பள்ளிப் பரீட்சையில் மொத்தம் மூன்று படி கூடுதலாகப் பெற்றார்கள். அதிலும் பலன் தந்தவை, தாராளமான நிதியோடு, ஊர் ஜனங்களோடு கலந்து வேலை செய்த ஆரம்பகால மையங்கள். பின்னால் சிக்கனமாகத் திறந்தவற்றில் அந்தப் பலன் காணப்படவில்லை.

2010-க்குப் பிறகு வந்த டோரி ஆட்சி நிதியை வெட்டிற்று. 2009-லிருந்து 2017-க்குள் சுமார் ஆயிரம் மையங்கள் வரை மூடப்பட்டிருக்கலாம் என்று சட்டன் டிரஸ்ட் என்ற ஸ்தாபனம் 2018-ல் கணக்குச் சொல்லிற்று. தாயே, வகுப்புக்குப் போ என்று ஒரு வாய் சொல்லிக்கொண்டிருக்க, வகுப்பறைக் கதவை ஒரு கை பூட்டிக்கொண்டிருந்தது.

அந்தச் சமயத்தில் கிளாஸ்கோ நகரில் வேறொரு சோதனை நடந்தது. ஆஸ்திரேலியாவில் உருவான 'டிரிபிள் பி' என்ற வகுப்பு முறையை நகரம் முழுவதற்கும் பரப்பினார்கள். அதுவும் நல்ல ஆராய்ச்சியாளர்கள் உண்டாக்கிய முறைதான். ஆனால் நகரத்துக் குழந்தைகள் முழுவதையும் எடுத்துக்கொண்டு பார்த்தால், அதனால் அவர்கள் மனநலம் உயர்ந்ததற்குச் சான்று இல்லை என்று 2017-ல் வெளிவந்த ஆய்வு கூறிற்று. ஒரு அறையில் பத்துத் தாய்மாருக்கு உதவுகிற மருந்தை ஊர் முழுவதற்கும் சோற்றுக்குப் பதிலாகப் போட முடியாது.

டோரிகளை 2024-ல் ஜனங்கள் விரட்டினார்கள். 2025 ஜூலையில் லேபர் சர்க்கார், 2028 முடிவதற்குள் ஆயிரம் குடும்ப மையங்கள் வரை திறக்கப்போவதாக அறிவித்தது. மூடியதும் ஆயிரம்; திறப்பதாகச் சொல்வதும் ஆயிரம்! நடுவில் கதவு பூட்டியிருந்த வருஷங்களில் வளர்ந்த குழந்தைகள் எந்தக் கணக்கில் சேர்த்தி? மூன்றாவது குழந்தைக்குத் தொகை இல்லை என்ற விதியையும் 2026 ஏப்ரலில் கைவிடுவதாக நிதி மந்திரி ரேச்சல் ரீவ்ஸ் 2025 நவம்பரில் அறிவித்தார். நல்லது. ஆனால் அதிகாரத்துக்கு வந்த உடனே ஏன் செய்யவில்லை? குழந்தை ஒன்றுக்கு மாதம் சுமார் 290 பவுண்டு அது. அந்த விதியை எதிர்த்து வாக்களித்த தம் சொந்தக் கட்சி மெம்பர்கள் ஏழு பேரை 2024 ஜூலையில் லேபர் தலைவர்கள் பார்லிமெண்ட் கோஷ்டியிலிருந்து தற்காலிகமாக நீக்கினார்களே, அதற்கு என்ன சமாதானம்? 2024 மார்ச்சில் முடிந்த வருஷத்தில், சர்க்காரின் சொந்தக் கணக்குப்படியே, வீட்டுச் செலவு போக வறுமையில் இருந்த குழந்தைகள் 45 லட்சம்.

நம் வீட்டுக்கு வரும்போது

ஒரு விஷயத்தைச் சொல்லாமல் விட்டால் நாம் நேர்மையாளராக மாட்டோம். பெயர் 'பெற்றோர் வகுப்பு'. உட்கார்ந்திருப்பவர்கள் பெரும்பாலும் தாய்மார். பேஷாகச் சர்க்காரைத் தாக்கிவிட்டு, ராத்திரி கூட்டம் முடிந்து வீட்டுக்கு வரும் தோழர், "பையனை ஏன் அழவிடுகிறாய்?" என்று மனைவியை அதட்டினால், அவரும் காமரூனும் அந்த ஒரு விஷயத்தில் ஒரே கட்சிதான். தரையில் உட்கார்ந்து பத்து நிமிஷம் விளையாடுவதற்குத் தகப்பனுக்கும் முழங்கால் இருக்கிறது.

இந்த வகுப்புகள் பிரிட்டனோடு நிற்கப்போவதில்லை. உலக சுகாதார ஸ்தாபனம் 2023-ல் வெளியிட்ட வழிகாட்டுக் குறிப்பு, ஏழை நாடுகளிலும் பெற்றோருக்கு இத்தகைய பயிற்சி கிடைக்கச் செய்ய வேண்டும் என்று சிபாரிசு செய்திருக்கிறது. வரட்டும், வரவேற்கிறோம். ஆனால் வரும்போது நம் ஊர்த் தாய்மார் சில கேள்விகளைக் கேட்டே ஆக வேண்டும். வேலைக்குப் போகிறவள் வரக்கூடிய நேரத்தில் வைப்பீர்களா? வரும் நாளுக்குக் கூலி உண்டா? உள்ளே உட்காரும்போது கைக்குழந்தையை யார் பார்த்துக்கொள்வார்கள்? வராதவளின் பெயரை எந்த ஏட்டில் எழுதுவீர்கள்? நடத்துகிறவளுக்கு என்ன சம்பளம்?

கடைசிக் கேள்விக்கு இந்தியாவில் பதில் ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கிறது. 2024 மார்ச்சில் மத்திய சர்க்கார் 'நவசேதனா' என்று ஒரு திட்டத்தை வெளியிட்டது. பிறந்தது முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தையோடு எப்படிப் பேசுவது, எப்படி விளையாடுவது என்று வீடு தேடிப் போய்ப் பெற்றோருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பது அதன் ஏற்பாடு. சொல்லிக்கொடுக்க வேண்டியவர் அங்கன்வாடி ஊழியர். சத்துணவு, எடை பார்த்தல், தடுப்பூசிக் கணக்கு, செல்போனில் பதிவு இவற்றுக்கு மேல் இது. அவருக்கு மத்திய சர்க்கார் 2018 அக்டோபரில் நிர்ணயித்த தொகை மாதம் 4,500 ரூபாய். அதற்குச் சம்பளம் என்று பெயரில்லை. மதிப்பூதியம் என்று பெயர்.